கடைசி மூணு பாட்டில்: பொய்யான அவசரம் ஆன்லைன் வியாபாரத்தை என்ன செய்கிறது

நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேன், கருப்பட்டி, மட்டி வாழைப்பழம், நேந்திரங்காய் சிப்ஸ், வீட்டிலிருந்தே விற்கிற சேலை, சுடிதார் என்று எதை ஆன்லைனில் தேடினாலும் இப்போதெல்லாம் பொருளுக்கு முன்னால் எச்சரிக்கைதான் கண்ணில் படுகிறது. ‘இன்னும் மூணு பாட்டில்தான் இருக்கு’, ‘இன்று இரவு 12 மணியோடு இந்த விலை முடிகிறது’, ‘இப்போது 27 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’, கூடவே சிவப்பு எழுத்தில் பின்னோக்கி ஓடுகிற ஒரு கடிகாரம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்த மூணு பாட்டில் அப்படியே இருக்கிறது, கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. பெரிய கம்பெனி இதைச் செய்தால் எரிச்சலோடு கடந்துபோய்விடுகிறோம். கன்னியாகுமரி மாவட்டத்துச் சிறு வியாபாரி இதைக் காப்பியடிக்கும்போது நஷ்டம் அவருக்குத்தான் அதிகம் என்பது என் கருத்து. ஏனென்றால் அவர் விற்கிற பல பொருட்கள் நிஜமாகவே கொஞ்சம்தான் கிடைக்கும், நிஜமாகவே சீக்கிரம் தீரும். அப்படித் தீரும்போது அவர் சொல்வதை ஜனங்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் தினம் ஒரு பொய்க் கடிகாரத்துக்குச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வித்தை வேலை செய்யாது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகவே வேலை செய்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. 1975-ல் ஸ்டீபன் வொர்ச்செல், ஜெர்ரி லீ, அகன்பி அடேவோலே என்ற மூன்று ஆய்வாளர்கள் பிஸ்கட்டை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலருக்குப் பத்து பிஸ்கட் இருந்த ஜாடி, சிலருக்கு இரண்டே இரண்டு இருந்த ஜாடி, பிஸ்கட் எல்லாம் ஒரே வகை. இரண்டு மட்டும் இருந்ததைப் பார்த்தவர்கள் அதை அதிகம் விரும்பினார்கள், விலையும் கூடுதலாக மதித்தார்கள். இன்னும் சிலருக்கு முதலில் பத்து இருந்த ஜாடியைக் காட்டி, பிறகு அதை எடுத்துவிட்டு இரண்டு இருந்த ஜாடியைக் கொடுத்தார்கள், அவர்களுக்கு ஆசை இன்னும் கூடியது. அதிலும் ‘மற்றவர்கள் நிறையக் கேட்டதால் குறைந்துவிட்டது’ என்று காரணம் தெரிந்தபோது மதிப்பு உச்சத்துக்குப் போனது, ‘ஜாடி தவறுதலாக மாறிவிட்டது’ என்றபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. அதாவது எவ்வளவு மிச்சம் என்பதைவிட, ஏன் குறைந்தது என்பதை மனசு அதிகம் கவனிக்கிறது.

இந்தப் பரிசோதனையில் வியாபாரிகள் கவனிக்காமல் விடுகிற இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. குறைவாக இருந்த பிஸ்கட்டை அதிகம் விரும்பியவர்கள், அதன் ருசி கூடுதல் என்று சொல்லவில்லை. வாங்கும் ஆசைதான் கூடியது, வாய்க்குள் போன பிறகு அது பழைய பிஸ்கட்தான். அப்படியானால் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி ஒரு லிட்டர் தேனை ஆர்டர் செய்தவர், நாலு நாள் கழித்துப் பார்சலைப் பிரிக்கும்போது அந்தப் பதற்றம் எங்கே இருக்கும்? அது போயே போயிருக்கும். கையில் இருப்பது பாட்டில் மட்டும். அந்த நிமிஷத்தில் அவருக்கு வருகிற முதல் கேள்வி ‘இது எனக்கு வேணுமா?’ என்பதாக இருந்தால், விற்றவர் விற்கவில்லை, ஒரு வருத்தத்தை அனுப்பி வைத்திருக்கிறார்.

ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-லேயே இதன் மறுபக்கத்தை எழுதியிருக்கிறார். தன்னுடைய சுதந்திரத்தை யாரோ பறிக்கிறார்கள் என்று தோன்றினால் மனுஷன் எதிர்த்து நிற்பான். பொருள் கைநழுவுகிறது என்று நம்பும்வரை அந்த எதிர்ப்பு ‘எப்படியாவது வாங்கிவிட வேண்டும்’ என்ற வேகமாக வெளிப்படுகிறது. ‘இவர்கள் என்னை நெருக்குகிறார்கள்’ என்று புரிந்த நிமிஷமே அதே எதிர்ப்பு விற்பவர் மேல் திரும்புகிறது. ஒரே அறிவிப்பு முதல் தடவை ஆர்டரையும் ஐந்தாவது தடவை பிளாக்கையும் கொண்டுவருவது இதனால்தான்.

இது நம் ஊருக்கு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 2014 ஜூலையில் ஷாவ்மி இந்தியாவில் மி 3 ஃபோனை ஃபிளிப்கார்ட் வழியாக ஃபிளாஷ் சேல் முறையில் விற்றது. பதிவு செய்து காத்திருந்தவர்கள் கண் முன்னாலேயே சில நொடிகளில் தீர்ந்துபோன சுற்றுகளும் அதில் இருந்தன. அதே வருஷம் அக்டோபர் 6-ம் தேதி ஃபிளிப்கார்ட்டின் ‘பிக் பில்லியன் டே’ வந்தது. கூட்டம் தாங்காமல் தளம் திணறியது, பொருட்கள் தீர்ந்தன, நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் குலசேகரத்திலும் அன்று ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன்கள் பலர் இன்று சொந்தமாக இன்ஸ்டாகிராம் கடை நடத்துகிறார்கள். விற்பனை என்றால் இப்படித்தான் என்று அவர்கள் படித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

அப்புறம் கடை உருவாக்கித் தரும் சேவைகள் வந்தன. அதில் கவுண்ட்டவுன் டைமர் ஒரு சின்னச் செயலி, ஒரு பட்டனைத் தட்டினால் கடையில் ஒட்டிக்கொள்ளும். இதில் ஒரு வகை எப்படி வேலை செய்கிறது தெரியுமா? ஆஃபர் முடிகிற தேதி என்று ஒன்று கிடையவே கிடையாது. நீங்கள் பக்கத்தைத் திறந்த நிமிஷத்திலிருந்து உங்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஓடத் தொடங்கும், உங்கள் மதினி மாலையில் திறந்தால் அவருக்கு அப்போதிலிருந்து இரண்டு மணி நேரம். ‘27 பேர் பார்க்கிறார்கள்’ என்பதிலும் பல இடங்களில் யாரும் எண்ணுவதில்லை. 20-க்கும் 40-க்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டு என்று நிரலில் எழுதியிருக்கும். இதெல்லாம் என் சந்தேகம் அல்ல. 2019-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து சுமார் 11,000 ஷாப்பிங் தளங்களைக் கணினி வழியாகச் சலித்துப் பார்த்தார்கள். வாங்குபவரை ஏமாற்றும் அல்லது நெருக்கும் வடிவமைப்புகள் 1,818 கிடைத்தன. நேரம் முடிந்தும் அதே விலை தொடர்கிற கடிகாரங்களும், முடிந்ததும் தானாக மறுபடி தொடங்குகிற கடிகாரங்களும், தற்செயல் எண்ணைப் பார்வையாளர் எண்ணிக்கையாகக் காட்டுகிற நிரல்களும் அதில் இருந்தன.

இனி நம் ஊர்ப் பொருளுக்கு வருவோம், விஷயம் இங்கேதான் கனமாகிறது.

மார்த்தாண்டம் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பின் கிராம மேம்பாட்டு வேலைகளோடு, அதை இங்கே நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில், மார்த்தாண்டம் வட்டாரத்தில் பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பது பரவியது. இன்றைக்கு இங்கே எடுக்கிற தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்தை நம்பியிருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலையுதிர்த்து, பிறகு தளிர்விடும்போது இலைக்காம்பின் நுனியில் இருக்கிற சுரப்பிகளில் தேன் ஊறுகிறது. பூவில் இல்லை, இலையில். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் அந்த வரத்து. அந்தச் சமயத்தில் மழை தொடர்ந்து பெய்தால் வரத்து குறையும், வருஷக் கணக்கே மாறிவிடும். மழைக்காலத்தில் பெட்டியில் இருக்கிற கூட்டத்தைக் காப்பாற்றவே சர்க்கரைப் பாகு வைக்க வேண்டிய நிலை. இதைவிட உண்மையான தட்டுப்பாடு என்ன வேண்டும்? ‘இது இந்த வருஷம் மார்ச்சில் எடுத்தது, தீர்ந்தால் அடுத்த பிப்ரவரிதான்’ என்ற ஒரு வரியில் காரணம், காலம், அளவு எல்லாம் வந்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு வருஷம் முழுக்க, ஆகஸ்ட்டிலும் நவம்பரிலும், ‘கடைசி மூணு பாட்டில்’ என்று போட்டுக்கொண்டிருந்தால், ஏப்ரல் கடைசியில் நிஜமாகவே மூணு பாட்டில் மிச்சம் இருக்கும்போது அதை எந்த வார்த்தையில் சொல்வார்? அந்த வார்த்தை செத்துப் பல மாதம் ஆகியிருக்கும்.

கருப்பட்டியிலும் இதே கதைதான், ஆனால் அங்கே ஆபத்து இன்னும் ஒரு படி கூட. பதநீர் இறங்குவது கோடையை ஒட்டிய சில மாதங்கள். ஒரு பனையேறி காலையிலும் மாலையிலும் மரம் ஏறி இறங்க வேண்டும், அந்த வேலைக்கு ஆள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. பதநீரைக் காய்ச்சினால் கிடைப்பது இவ்வளவுதான் என்று ஒரு எல்லை உண்டு. ‘இன்று மட்டும்’ என்ற வேகத்தில் அந்த எல்லைக்கு மேல் ஆர்டர் வந்து குவிந்தால் என்ன ஆகும்? பணம் வாங்கியாகிவிட்டது, அனுப்பியே ஆக வேண்டும். அப்போது எங்கிருந்தோ கிடைக்கிற சரக்கை வாங்கி நிரப்புகிற ஆசை வரும், கருப்பட்டியில் சர்க்கரை கலப்பது எவ்வளவு பழைய பிரச்சினை என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பொய்யான அவசரம் வாங்குபவரை மட்டும் நெருக்குவதில்லை, விற்பவரையும் அவரால் காப்பாற்ற முடியாத வாக்குக்குள் தள்ளிவிடுகிறது. இதைப் பற்றி வியாபார ஆலோசனை சொல்கிற வீடியோக்களில் ஒருவரும் பேசுவதாகத் தெரியவில்லை.

மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பார்த்து வெளியூரில் கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள். அதை ஒரே இரவில் இருநூறு பேருக்கு விற்றுவிடலாம், ஆனால் ஒரே பகலில் இருநூறு பெட்டி கட்ட முடியுமா? சின்னப் பழம், மெல்லிய தோல், பழுத்துவிட்டால் அதிக நாள் தாங்காது. காயாக வெட்ட வேண்டிய நாள் தவறினால் பெங்களூருக்குப் போய்ச் சேரும்போது கறுத்திருக்கும். பத்து நாளில் பரவி வந்திருக்க வேண்டிய ஆர்டரை ஒரே இரவுக்குள் இழுத்துப் பிடித்ததால் வந்த வினை அது. அந்தப் பத்து நாளில் மொத்த விற்பனை கூடியிருக்கும் என்றுகூட உறுதி இல்லை, அடுத்த வாரம் வாங்கவேண்டியவர் இந்த வாரமே வாங்கிவிட்டார், அவ்வளவுதான்.

மீனைப் பாருங்கள். வருஷா வருஷம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டம் இரண்டு பக்கமும் கடல் பார்த்திருப்பதால் சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஒரு கணக்கு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் இன்னொரு கணக்கு. அந்த மாதங்களில் வரத்து குறைந்து விலை ஏறும், நாட்டுப்படகு மீனுக்குப் போட்டி இருக்கும். சந்தையில் ‘இன்னைக்கு இவ்வளவுதான் மக்கா’ என்றால் யாரும் மீன்காரரைப் பொய்யர் என்று சொல்வதில்லை. விலையைப் பற்றி முணுமுணுப்பார்கள், வாங்குவார்கள் அல்லது வாங்காமல் போவார்கள், மறுநாளும் அவரிடமே வருவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. தேதி எல்லோருக்கும் ஒன்று. அந்தத் தட்டுப்பாட்டை அவர் உண்டாக்கவில்லை. ஜாடி பரிசோதனையில் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது: குறைவு என்பதற்கு நம்பும்படியான காரணம் இருந்தால் அது மதிப்பு, இல்லாவிட்டால் நெருக்கடி.

சரி, வீட்டிலிருந்து துணி விற்கும் பெண்களைப் பற்றி. இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு லைவ் போட்டு, ஒவ்வொரு சேலையாக விரித்துக் காட்டி, ‘சிங்கிள் பீஸ்தான், ஸ்கிரீன்ஷாட் அனுப்புறவங்களுக்கு முதல்ல’ என்று தொண்டை வற்றப் பேசி, நள்ளிரவு வரை மெசேஜுக்குப் பதில் போட்டு சம்பாதிக்கிறார்கள். சிங்கிள் பீஸ் என்பது பல சமயம் உண்மையாகவும் இருக்கும். பிரச்சினை, அது உண்மையாக இல்லாத சமயத்திலும் அதையே சொல்வது. போன வாரம் தீர்ந்துபோன டிசைன் இந்த வாரம் திரும்ப வருகிறது.

‘அக்கா, இது நேத்தே தீர்ந்துபோச்சுன்னு போட்டிருந்தீங்களே?’

‘ஒரு ஆர்டர் கேன்சல் ஆயிட்டு மக்களே, அதான்.’

ஒருமுறை கேன்சல் ஆகலாம். வாரா வாரம் கேன்சல் ஆகிறது என்றால் வாங்குபவருக்குப் புரிந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டம் 1,672 சதுர கிலோமீட்டர்தான். வாங்குபவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். குடும்ப குரூப், சர்ச் குரூப், பள்ளிக்கூடத் தாய்மார்கள் குரூப் என்று ஸ்கிரீன்ஷாட் ஓடும். வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கிற நம் ஆட்களும் ஊர்ப் பொருள் வேண்டும் என்றால் முதலில் ஊரில் இருக்கிற அக்காவிடமோ அண்ணனிடமோ ‘அந்தக் கடை எப்படி?’ என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். முகம் தெரியாத பெரிய தளத்துக்கு ஒரு வாடிக்கையாளர் போனால் இன்னொருவர் வருவார். இங்கே ஒருவர் போனால் கூடவே பத்துப் பேர் போவார்கள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பதற்றத்தில் போட்ட ஆர்டர் அதிகமாகத் திரும்புகிற இடம் பார்சலை வாங்கும்போது பணம் கொடுக்கிற முறை. அந்த முறையில் மனசு மாறுவதற்கு வாங்குபவருக்கு எந்தச் செலவும் இல்லை. டெலிவரி ஆள் கூப்பிடும்போது ஃபோனை எடுக்காமல் இருந்தால் போதும். கூரியருக்குப் போக 70 ரூபாய், வர 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நூறு ஆர்டரில் இருபத்தைந்து திரும்பினால் 3,500 ரூபாய் அங்கேயே போய்விட்டது. பெட்டி, டேப், பொதிந்த உழைப்பு தனி. திரும்பி வந்த சிப்ஸ் பாக்கெட்டையோ பழத்தையோ மறுபடி விற்கவும் முடியாது. முன்பணம் கட்டிய ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தாலும் பணப் பரிமாற்றச் சேவைக்குக் கட்டிய கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. ஆஃபர் நாளில் கணக்கைத் திறந்து பார்க்கும்போது நூறு ஆர்டர் என்று பெரிய எழுத்தில் காட்டும். இந்தக் கழிவெல்லாம் மூன்று வாரம் கழித்து, வேறு வேறு இடத்தில், சின்னச் சின்னதாகத் தெரியும்.

வாட்ஸாப் வழியாக விற்பவர்களுக்கு இன்னொன்று. வியாபாரக் கணக்கிலிருந்து மொத்தமாக மெசேஜ் அனுப்பும் சேவையைப் பயன்படுத்தினால், எத்தனை பேர் பிளாக் செய்தார்கள், புகார் செய்தார்கள் என்பதை வைத்து அந்த எண்ணுக்குத் தர மதிப்பீடு ஒன்று இருக்கிறது. அது இறங்கினால் பிறகு நீங்கள் நினைத்த அளவுக்கு மெசேஜ் அனுப்புவதே கஷ்டம். தினம் ‘லாஸ்ட் சான்ஸ்’ அனுப்பினால் ஜனங்கள் பதில் வாதம் செய்துகொண்டிருக்க மாட்டார்கள், பிளாக் பட்டனை அழுத்துவார்கள். ஓணத்துக்கு நேந்திரங்காய் சிப்ஸ் தயார் என்ற நிஜமான செய்தியும் அந்த அடைபட்ட வழியில்தான் போக வேண்டும்.

பிறகு, காத்திருக்கப் பழகுவது. இது மெதுவாக வரும், ஆனால் வந்தால் போகாது. வாரம் ஒரு ‘கடைசி நாள்’ என்றால், வழக்கமாக வாங்குகிறவர் இயல்பான விலையில் வாங்குவதை நிறுத்திவிடுவார். முழு விலை கொடுத்தவர் அடுத்த நாள் ஆஃபரைப் பார்த்து வயிறெரிவார், அடுத்த முறை அவரும் காத்திருப்பார். அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடைத்தொடர் வருஷக்கணக்காகக் கூப்பனும் தள்ளுபடியுமாகவே விற்றுக்கொண்டிருந்தது. 2012-ல் புதிய தலைவர் ரான் ஜான்சன் அதையெல்லாம் நிறுத்தி, தினமும் ஒரே நேர்மையான விலை என்றார். அந்த ஒரு வருஷத்தில் விற்பனை சுமார் 25 சதவீதம் விழுந்தது. நேர்மையான விலை தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. வாங்குபவர்களை ஒரு பழக்கத்துக்கு வருஷக்கணக்கில் பழக்கிவிட்டு ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆடித் தள்ளுபடி இத்தனை வருஷமாக நிற்கிறது என்றால் அது வருஷத்துக்கு ஒரு மாதம், மாதம் முடிந்தால் முடிந்தது என்பதும் ஒரு காரணம்.

கன்னியாகுமரியில் அறை எடுக்கிறவர்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். சூரிய உதயம் பார்க்க வருகிற குடும்பம் புக்கிங் ஆப்பைத் திறந்தால் ‘இந்த விலையில் ஒரே ஒரு அறைதான்’ என்று வருகிறது. சபரிமலை சீசனில், கார்த்திகை, மார்கழியில், அது அப்பட்டமான உண்மையாக இருக்கலாம். மற்ற நாட்களில் அதற்குப் பல சமயம் அர்த்தம், அந்த ஆப்புக்கு லாட்ஜ் ஒதுக்கிய அறைகளில் ஒன்று மிச்சம் என்பதுதான். நேரே போய்க் கேட்டால் மாடி முழுக்கக் காலியாக இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை பொய் இல்லை, ஆனால் வாங்குபவர் புரிந்துகொள்வது பொய். இங்கிலாந்தின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் இதே விஷயத்தைக் கையிலெடுத்து, 2019 தொடக்கத்தில் புக்கிங்.காம், எக்ஸ்பீடியா, அகோடா உள்ளிட்ட தளங்களிடம், அறை இருப்பு பற்றித் தவறான எண்ணம் வரும்படி காட்டமாட்டோம் என்ற உறுதிமொழியை வாங்கியது. 2024 மே மாதம் நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் ஃபோர்ட்நைட் விளையாட்டில் குழந்தைகளை நெருக்கிய விதத்துக்காக, அதை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கு 11 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது, அந்தக் குற்றச்சாட்டில் தவறான நேரம் காட்டிய கடிகாரங்களும் அடக்கம்.

இந்தியாவிலும் சட்டம் வந்துவிட்டது என்பது நம் சிறு வியாபாரிகள் பலருக்கு இன்னும் எட்டவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ம் தேதி ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. 13 வகைகளைப் பட்டியல் போட்டார்கள், முதல் இடத்தில் இருப்பதே பொய்யான அவசரம். இருப்பதைவிடக் குறைவாக இருப்பதாகக் காட்டுவது, இல்லாத கூட்டத்தைக் காட்டுவது, இரண்டும் அதில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பெரிய தளங்களுக்கு மட்டுமல்ல, விளம்பரதாரர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த நெறிகள். 2025 ஜூனில், தளங்கள் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையம் மறுபடி அறிவுறுத்தியது. தவறான விளம்பரம் என்று முடிவானால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உற்பத்தியாளர் மேலோ அதைப் பரிந்துரைத்துப் பேசியவர் மேலோ 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பணம் வாங்கிக்கொண்டு ‘சீக்கிரம் வாங்குங்க, தீரப் போகுது’ என்று ரீல்ஸ் போடுகிறவர்களும் இந்த வரியை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

‘எல்லோரும் செய்கிறார்கள், நான் மட்டும் செய்யாவிட்டால் என் பக்கத்தை யார் பார்ப்பார்கள்?’ என்ற கேள்வி நியாயமானது, அதைத் தள்ளிவிட முடியாது. இன்றைய விற்பனையை மட்டும் வைத்துப் பார்த்தால் கடிகாரம்தான் ஜெயிக்கும். நான் கேட்பது, வேறு மூன்று எண்களையும் பார்க்கச் சொல்லி. ஆறு மாதத்துக்குள் அதே ஃபோன் எண்ணிலிருந்து இரண்டாவது ஆர்டர் எத்தனை வந்தது, ஆஃபர் இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமையில் எத்தனை ஆர்டர் வருகிறது, அனுப்பியதில் எத்தனை திரும்பியது. இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சாதாரண நாள் ஆர்டர் மாதத்துக்கு மாதம் இறங்குகிறது, ஆஃபர் நாள் மட்டும் ஏறுகிறது என்றால், புது ஆட்களைப் பிடித்துப் பழைய ஆட்களை இழந்துகொண்டிருக்கிறீர்கள்.

தட்டுப்பாட்டைச் சொல்லவே கூடாது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மை இருந்தால் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவும் வாங்குபவருக்குச் செய்கிற அநியாயம். முந்திரிக்கொத்து விற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பயறு வறுத்துப் பொடித்து, பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தெடுக்கிற வேலை. வீட்டில் இரண்டு அடுப்பு, மூன்று பேர். கிறிஸ்துமஸுக்கு இத்தனை கிலோதான் முடியும், டிசம்பர் 17-க்கு மேல் அனுப்பினால் வெளியூருக்கு 24-ம் தேதிக்குள் போய்ச் சேருமா என்று சொல்ல முடியாது, அதனால் 16-ம் தேதியோடு ஆர்டர் நிறுத்தம் என்று அவர் எழுதினால் அதில் நெருக்கடி எதுவும் இல்லை, தகவல் இருக்கிறது. 17-ம் தேதி ஒருவர் கெஞ்சிக் கேட்டாலும் ‘இல்லைங்க, புத்தாண்டுக்கு எழுதிக்கட்டுமா?’ என்று சொல்ல வேண்டும். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கடைசித் தேதி தாண்டியும் ரகசியமாக வாங்கினால் அடுத்த வருஷம் அந்தத் தேதியை யாரும் மதிக்கமாட்டார்கள்.

மிச்சம் எத்தனை என்று காட்டுவதானால் அது நிஜமான இருப்போடு இணைந்திருக்க வேண்டும், ஒன்று விற்றால் ஒன்று குறைய வேண்டும், திரும்பி வந்தால் ‘ஒன்று திரும்பி வந்தது’ என்றே சொல்லலாம். தீர்ந்துவிட்டால் பக்கத்தை மூடிவிட்டு, அடுத்து எப்போது வரும் என்று எழுதி, வேண்டும் என்பவர்களின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள்தான் அடுத்த பிப்ரவரியில் விலை கேட்காமல் வாங்குவார்கள். விலை ஏன் கூடியது என்பதையும் இதே மாதிரி வெளிப்படையாகச் சொல்லலாம், ஓணம் நெருங்கும்போது நேந்திரங்காய் விலை ஏறுவது இங்கே எல்லோருக்கும் தெரியும், வெளியூர்க்காரருக்குத்தான் தெரியாது.

வாங்குபவர்கள் பக்கமும் கொஞ்சம் வேலை இருக்கிறது. கடிகாரம் ஓடுகிற பக்கத்தை இன்னொரு ஃபோனில் திறந்து பாருங்கள். அங்கே வேறு நேரம் காட்டினால் அந்த ஆஃபருக்கு முடிவே கிடையாது என்று அர்த்தம். நேரம் முடியும் வரை விட்டுப் பிடித்து, முடிந்த பிறகும் அதே விலை இருந்தால், இரண்டையும் தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விற்பவரிடமே அதைக் காட்டிக் கேளுங்கள், உள்ளூர் ஆளாக இருந்தால் அதிலேயே பல சமயம் சரியாகிவிடும், டைமரை மாட்டிக் கொடுத்தது யாரோ ஒரு வெப்சைட் பையனாக இருக்கலாம், கடைக்காரருக்கே அது எப்படி ஓடுகிறது என்று தெரியாமலும் இருக்கலாம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் நஷ்டமாகி வழக்காகவே போக வேண்டியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் நாகர்கோவிலில் இருக்கிறது, அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.